பெயரில்லாத படங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரிசோனாவில் வேலை பார்க்கும் என் தம்பி, அங்குள்ள பீமா பழங்குடியினரின் பழைய புகைப்படங்கள் சிலவற்றை அனுப்பியிருந்தான். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. படங்களுக்குக் கீழே ‘பீமா பெண்’, ‘பீமா குடிசை’ என்று மட்டும் போட்டிருக்கிறது. இவர்கள் வீட்டில் எடுத்துக்கொண்ட படங்கள் இருக்காதா? இவ்வளவு சோகமாகவா வாழ்ந்தார்கள்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்,

சிரிக்காததை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். நம் தாத்தா பாட்டியின் கல்யாணப் படத்தை எடுத்துப் பாருங்கள். இருவரும் கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தவர்கள் மாதிரிதான் நிற்பார்கள்.

எனக்கு உறுத்துவது பெயர் இல்லாததுதான். எட்வர்ட் கர்டிஸ் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1907இல் பீமாக்களை எடுத்த படங்கள் அழகானவை, மறுக்கவில்லை. ஆனால் மறைந்துகொண்டிருக்கும் இனம் ஒன்றின் மாதிரிதான் அவருக்கு வேண்டியிருந்தது. எதிரே இருப்பவர் யாருடைய அத்தை, யாருடைய கொழுந்தன் என்பதெல்லாம் தேவைப்படவில்லை. வேறொரு இனத்தாரின் கூடாரத்துக்குள் எடுத்த படத்திலிருந்து கடிகாரத்தையே அழித்தவர் அவர். வீட்டார் எடுத்திருந்தால் கடிகாரத்தைத் துடைத்து நடுவில் வைத்திருப்பார்கள்.

வீட்டுப் படங்கள் உண்டு. அவற்றில் பின்னணியைப் பாருங்கள். மரச்சட்டங்களுக்கு நடுவே மண்ணை அடைத்துக் கட்டிய சுவர் தெரியும். ‘சாண்ட்விச் வீடு’ என்பார்கள். பக்கத்தில் கால் நட்டு, கழி பரப்பி, இலைதழை போட்ட பந்தல். கோடையில் சமையல், பேச்சு, தூக்கம் எல்லாம் அதன் அடியில்தான். படத்துக்கு நிற்கவும் அதைவிட நல்ல நிழல் கிடையாது.

விறகு வண்டியோடு ஒருவர் நிற்கும் படத்தைப் பார்த்தால் விறகுவெட்டி என்று நினைப்போம். அவர் விவசாயி. 1849இல் தங்கம் தேடி கலிபோர்னியாவுக்குப் போன கூட்டத்துக்கு வழியில் கோதுமை கொடுத்தவர்கள் இந்த ஜனம். 1859இல் ரிசர்வேஷன், அதாவது அரசு இவர்களுக்கென ஒதுக்கிய நிலப்பகுதி, அமைந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் ஆற்றின் மேல்பகுதியில் குடியேறியவர்கள் ஹீலா ஆற்றைத் தங்கள் வாய்க்கால்களுக்குத் திருப்பிக்கொண்டார்கள். வயல் காய்ந்தது, பட்டினி வந்தது. மெஸ்கீட் மரத்தை வெட்டி விறகாக விற்றுத்தான் பலர் பிழைத்தார்கள். மெஸ்கீட் நம் சீமைக்கருவேலத்தின் பங்காளி. ஆனால் அங்கே அதன் காயை இடித்து மாவாக்கிச் சாப்பிடுவது வழக்கம். ஆக, சோறு போட்ட மரத்தையே வெட்டி விற்றிருக்கிறார்கள். இதைச் சொல்ல அந்த வீட்டுக் கிழவி ஒருத்தி வேண்டும். ‘பீமா ஆண், வண்டியுடன்’ என்ற குறிப்பால் ஆகாது.

கோவைக்காரர் என்பதால் இதையும் சொல்கிறேன். மில்களுக்கு வரும் பீமா பருத்திக்கு அந்தப் பெயர் வந்ததே, இவர்கள் ஊரான சாக்கடானில் இருந்த அரசுப் பண்ணையில் அதை விளைவிக்க உதவிய இவர்களால்தான். பஞ்சுக்குப் பேர் வைத்தார்கள், படத்திலிருந்த ஆளைப் பேர் கேட்கவில்லை.

கேமராவுக்கு முன்பே இவர்களிடம் ஒரு நினைவுக் கருவி இருந்தது. சவாரோ கள்ளியின் விலா எலும்பு போன்ற குச்சியில் வருஷத்துக்கு ஒரு கீறல் வெட்டி, பக்கத்தில் சில குறிகள் போடுவார்கள். அப்படி ஒரு குச்சி 1833இன் எரிகல் மழையிலிருந்து தொடங்குகிறது. குறியைத் தடவிக் கதையைச் சொல்ல அதை வைத்திருப்பவரால்தான் முடியும். அடுத்தவர் கையில் அது வெறும் குச்சி.

பீமா ஒருவர் இருக்கும் படங்களில் உலகமெங்கும் தெரிந்த படம் எது தெரியுமா? 1945 பிப்ரவரி 23, ஜப்பானின் இவோ ஜிமா தீவில் அமெரிக்கக் கொடியை நடும் ஆறு பேர். இடது ஓரத்தில், கம்பத்துக்கு எட்டாமல் கை நீட்டியபடி நிற்பவர் சாக்கடானில் பிறந்த ஐரா ஹேய்ஸ். முகம் தெரியாது. கம்பத்தின் அடியில் குனிந்திருப்பவருக்கும் முகம் தெரியாது. ராணுவம் அவருக்கு வேறொருவரின் பெயரைப் போட்டுவிட்டது. குனிந்திருப்பவர் டெக்சாஸ்காரர் ஹார்லன் பிளாக் என்று ஹேய்ஸ் சொல்லியும் எடுபடவில்லை. பிளாக்கின் அம்மாவோ பத்திரிகையில் படத்தைப் பார்த்ததுமே, முதுகுப்புறத்தை வைத்து “இது என் பையன்” என்றாராம். 1946இல் ஹேய்ஸ் வழியில் வந்த வண்டிகளில் தொற்றிக்கொண்டு டெக்சாஸ் வரை போய் அந்தக் குடும்பத்திடம் உண்மையைச் சொன்னார். 1947இல் பெயர் திருத்தப்பட்டது. ஹேய்ஸைக் குடித்துச் செத்த வீரன் என்று மட்டும் எழுதுபவர்கள் இந்தப் பயணத்தை ஒரு வரியில் தாண்டிவிடுவது எனக்கு எரிச்சல்.

உங்கள் தம்பி பக்கத்தில்தானே இருக்கிறார். ஹீலா ரிசர்வேஷனில் அந்தச் சமூகத்தாரே நடத்தும் ஹுஹுகம் பாரம்பரிய மையம் இருக்கிறது. திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். அங்கே யாரையும் கேட்காமல் போனைத் தூக்கிப் படம் எடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.