சோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள்

சுங்கை சிப்புட் பக்கத்திலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து 34 வயது வாசகி கேட்கிறார்: "இரண்டு வருஷமாக வயிறு உப்புசம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை இளகிப் போகிறது. கிளினிக்கில் காஸ்ட்ரிக் என்று மருந்து கொடுத்தார்கள். இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் 9.4-ஐத் தாண்டவில்லை. நாத்தனார் சொன்னபடி ரொட்டி சானாய், சப்பாத்தி, மீ எல்லாவற்றையும் மூன்று வாரமாக நிறுத்தியிருக்கிறேன். கொஞ்சம் தேவலை. இது சீலியாக் நோயா? எங்கே, எப்படிச் சோதிப்பது?"

சகோதரி, முதல் வேலை, கோதுமையை மறுபடி சாப்பிட ஆரம்பியுங்கள். தேவலையான பிறகு திரும்பச் சாப்பிடச் சொல்வது உங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த நோயைக் கண்டுபிடிக்கும் இரத்தச் சோதனையும் குடல் துணுக்குச் சோதனையும், நீங்கள் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் உண்மையைச் சொல்லும். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போகும்போது, சீலியாக் உள்ளவரின் நோய் எதிர்ப்பு சக்தி சிறுகுடலின் உள்சுவரையே தாக்குகிறது. அந்தச் சுவரில் நுண்ணிய விரல்கள்போல நிற்கும் உறிஞ்சிகள் மழுங்கிப் போகின்றன. இரும்புச்சத்து உடலில் சேர்வது சிறுகுடலின் அந்த ஆரம்பப் பகுதியில்தான். மாத்திரை போட்டும் இரத்தம் ஏறாதவர்களிடம் சீலியாக்கைச் சந்தேகிப்பது இதனால்தான். இரத்தச் சோதனை தேடுவது இந்தத் தாக்குதலில் உண்டாகும் எதிர்ப்பொருளை. கோதுமை போவது நின்றால் எதிர்ப்பொருள் மெல்ல இறங்கும், குடலும் ஆறத் தொடங்கும். அந்த நேரத்தில் எடுத்த சோதனை 'நெகட்டிவ்' என்று வந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

எவ்வளவு சாப்பிட வேண்டும்? தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளையில், குறைந்தது 6 வாரம். வீட்டில் சுடும் ஒரு சப்பாத்தியில் சுமார் 3 கிராம் குளூட்டன் இருக்கும், ஒரு துண்டு ரொட்டியில் சுமார் 2 கிராம். காலையில் இரண்டு துண்டு ரொட்டியும் இரவில் ஒரு சப்பாத்தியும் போதும். வயிறு தாங்கவே இல்லையென்றால் நாளைக்கு 3 கிராமாகக் குறைத்து, 2 வாரத்திலேயே இரத்தம் கொடுத்துப் பாருங்கள். நெகட்டிவ் வந்தால் 8 வாரம்வரை நீட்டி மறுபடி பார்க்கலாம். கோதுமை சாப்பிட்டவுடன் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வருபவர்கள் இதைச் செய்யவே கூடாது. அது அலர்ஜி, வேறு விஷயம். கர்ப்பமாக இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

நிறுத்தியதில் தேவலையானது சீலியாக்குக்கு ஆதாரம் ஆகாது. நம் ஊர்க் காலைச் சாப்பாட்டையே பாருங்கள். ரொட்டி சானாய் மாவில் பல கடைகளில் சுண்டிய பால் சேர்க்கிறார்கள், அதன்மேல் மார்ஜரின். தொட்டுக்கொள்ளப் பருப்பும் வெங்காயமும் வெந்த குழம்பு. பக்கத்தில் தே தாரிக், அதிலும் சுண்டிய பால். ரொட்டியை நிறுத்தியபோது பாலும் பருப்பும் கொழுப்பும் சேர்ந்தே குறைந்திருக்கும். பால் சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காதவர்கள் நம்மில் ஏராளம். கோதுமையிலேயே குளூட்டன் அல்லாத, காற்றை உண்டாக்கும் ஒருவகை மாவுச்சத்தும் உண்டு. அது வெங்காயத்திலும் இருக்கிறது. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு அந்த மாத்திரையே வயிற்றை இளக்கும்.

அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் 1 ரிங்கிட் பதிவில் ஆரம்பிக்கலாம். டாக்டரிடம் "வயிறு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் மறுபடி காஸ்ட்ரிக் மருந்தோடுதான் வெளியே வருவீர்கள். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை மாதமாக, நாளைக்கு எத்தனை தடவை, ராத்திரி தூக்கத்தில் எழுப்புகிறதா, எடை எத்தனை கிலோ இறங்கியது, இரும்பு மாத்திரை எத்தனை மாதம் எடுத்தீர்கள். அதைத் தேநீரோடு எடுத்தீர்களா என்பதையும் எழுதுங்கள். தேநீர் இரும்பைச் சேரவிடாது. கேட்க வேண்டிய இரத்தச் சோதனை இரண்டு: சீலியாக் எதிர்ப்பொருளைத் தேடும் டிடிஜி ஐஜிஏ (tTG-IgA), அதோடு உடலில் உள்ள மொத்த ஐஜிஏவை அளக்கும் டோட்டல் ஐஜிஏ. இரண்டாவதை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. சிலர் உடலில் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளே மிகக் குறைவு. அவர்களுக்கு நோய் இருந்தாலும் டிடிஜி ஐஜிஏ நெகட்டிவ் காட்டும். அப்படியானால் சீலியாக்குக்கென்றே உள்ள ஐஜிஜி வகைச் சோதனை கேட்க வேண்டும். கூடவே ஃபெரிட்டின் (உடலில் சேமித்துள்ள இரும்பின் அளவு), தைராய்டு, மலத்தில் புழுவும் ஜியார்டியா என்ற குடல் கிருமியும். கொக்கிப்புழுவும் இரத்தத்தைக் குறைக்கும். செருப்பில்லாமல் மண்ணில் நடப்பவர்கள் இதை ஒதுக்கிவிட முடியாது. ஃபெரிட்டின் குறையாமல் ஹீமோகுளோபின் மட்டும் குறைந்திருந்தால் தலசீமியா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாதவிலக்கில் அதிகம் போகிறதென்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், அதுவும் காரணமாகலாம்.

'200 உணவுகளுக்கு ஒரே சோதனை' என்று நூற்றுக்கணக்கான ரிங்கிட்டுக்கு விற்கப்படும் ஐஜிஜி உணவுப் பட்டியலில் பணத்தைப் போடாதீர்கள். அது சீலியாக்கைக் கண்டுபிடிக்காது.

டிடிஜி பாசிட்டிவ் வந்தால் சூராட் ருஜுக்கான் (நிபுணருக்கு அனுப்பும் கடிதம்) வாங்கிக்கொண்டு ஈப்போவில் குடல் நிபுணரைப் பாருங்கள். இங்கேதான் பலர் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பாசிட்டிவ் என்றவுடன் பயந்துபோய்க் கோதுமையை விட்டுவிடுவார்கள். வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுக் குடலிலிருந்து சிறு சதைத் துணுக்கு எடுக்கும் ஸ்கோப்புக்குத் தேதி இரண்டு மூன்று மாதம் தள்ளி வரும். அதற்குள் குடல் ஓரளவு ஆறி, சதைத் துணுக்கு ஒன்றும் காட்டாது. பிறகு மறுபடி முதலிலிருந்து. ஸ்கோப் முடிகிற நாள்வரை சாப்பிடுங்கள். முந்தைய இரவுக்குப் பின் ஒன்றும் சாப்பிடாமல் போங்கள், குறைந்தது 6 மணி நேரம் வெறும் வயிறு. மயக்க ஊசி போட்டால் அன்று மோட்டார் ஓட்டக்கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். "சீலியாக் சந்தேகம், டுவோடினத்தில் துணுக்கு எடுப்பீர்களா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். டுவோடினம் என்பது சிறுகுடலின் ஆரம்பப் பகுதி. கண்ணுக்குக் குடல் நன்றாகத் தெரிந்தாலும், கீழ்ப்பகுதியில் 4 துணுக்கும் மேல்முனையில் ஒன்றிரண்டும் வேண்டும். நோய் திட்டுத்திட்டாக இருக்கலாம். ஒரே துணுக்கில் தப்பிவிடும். எடுக்கும்போது வலிக்காது.

துணுக்கு அறிக்கையில் மார்ஷ் 3 (உறிஞ்சிகள் மழுங்கிய நிலை) என்றிருந்து டிடிஜியும் உயர்ந்திருந்தால் நோய் உறுதி. உறிஞ்சிகள் மழுங்காத லேசான மாற்றமான மார்ஷ் 1 மட்டும் என்றால் போதாது. வேறு பல காரணத்திலும் வரும். உறிஞ்சிகள் மழுங்கியிருந்தும் டிடிஜி நெகட்டிவ் என்றால் அவசரப்பட்டுச் சீலியாக் முத்திரை குத்தக்கூடாது. நம் வெப்ப நாடுகளில் டிராப்பிக்கல் ஸ்ப்ரூ என்ற நோயும் இதேபோலத் தெரியும். அது ஆன்டிபயாட்டிக்கும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தால் குணமாகும். இரத்த அழுத்தத்துக்கு ஓல்மெசார்ட்டன் எடுப்பவர்களுக்கும் இப்படி ஆவதுண்டு. இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் சீலியாக் என்றால் வாழ்நாள் முழுக்கப் பத்தியம்.

மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை இறங்குவது, விடாத காய்ச்சல் இவற்றில் எது இருந்தாலும் 6 வாரமெல்லாம் காத்திருக்காமல் உடனே போங்கள்.

நோய் உறுதியானால், சோறும் இட்லியும் மீகூனும் நமக்குக் கைகொடுக்கும். மறைந்திருக்கும் கோதுமைதான் ஏமாற்றும். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ரவையும் சாதாரண சேமியாவும் கோதுமையேதான், ஹார்லிக்ஸிலும் கோதுமை உண்டு. கிச்சாப், மைலோ, கடை வடையில் பிடிப்புக்குப் போடும் மாவு, எல்லாமே சந்தேகத்துக்குரியவை. வீட்டில் சப்பாத்திக் கல்லையும் உருட்டுக் கட்டையையும் தனியாக வையுங்கள். 6 மாதம் கழித்து டிடிஜியைத் திரும்பப் பாருங்கள். இறங்கவில்லை என்றால் எங்கோ குளூட்டன் உள்ளே போகிறது.

பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஆகியோருக்கும் இந்த நோய் இருக்கும் வாய்ப்பு சுமார் பத்தில் ஒன்று. ஆகவே அவர்களுக்கும் டிடிஜி எடுங்கள். உங்களுக்காக வீட்டுச் சமையலை மாற்றுவதற்கு முன்பே, பிள்ளைகள் வழக்கம்போல் ரொட்டி தின்றுகொண்டிருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.