நாட்டிங்ஹாம் வார்டில் காதில் விழும் சொற்கள்

கேள்வி: திருச்சியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியில் தேறி, இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. நோயாளிகள் பேசும் ஸ்லாங் புரியவே புரியாது என்று தோழிகள் பயமுறுத்துகிறார்கள். எதையெல்லாம் தெரிந்துகொண்டு போகட்டும்?

பதில்: இந்தச் சொற்களை நீங்கள் பேச வேண்டியதில்லை. காதில் விழுந்தால் புரிந்தால் போதும், பாதிக் கவலை தீர்ந்தது.

வார்டுக்குள் நுழைந்ததும் 'யூ ஆல்ரைட்?' என்பார்கள். உடம்புக்கு என்ன என்ற விசாரிப்பு இல்லை அது. நம் ஊரில் 'என்ன, சாப்பிட்டாச்சா?' என்று கேட்டுக்கொண்டே போவது மாதிரி. 'ஆல்ரைட், யூ?' என்று சொன்னால் சரி. நாட்டிங்ஹாம், டெர்பி பக்கம் 'அய் அப், மி டக்' என்று கூப்பிடுவார்கள். ஆண், பெண், தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் 'டக்'தான். பிரியமாகச் சொல்வது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'சியர்ஸ்', 'டா' இரண்டும் நன்றி.

உடம்பைப் பற்றிய பேச்சில்தான் கவனம் வேண்டும். 'பூர்லி' என்றால் உடம்பு சரியில்லை. ஆனால் ஷிஃப்ட் மாறும்போது சக நர்ஸ் ஒரு நோயாளியை 'வெரி பூர்லி' என்று சொன்னால் நிலைமை மோசம், உயிருக்கே ஆபத்தாக இருக்கலாம். சொல் மென்மையாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. 'பங்டு அப்' மூக்கடைப்பாகவும் இருக்கும், மலச்சிக்கலாகவும் இருக்கும். எது என்று கேட்டுவிடுங்கள். வயதானவர்கள் 'ஸ்பெண்ட் எ பென்னி' என்றால் சிறுநீர் கழிக்கப் போக வேண்டும் என்று பொருள். பொதுக் கழிப்பறைக் கதவைத் திறக்க ஒரு பென்னி நாணயம் போட்ட காலத்துப் பேச்சு அது. 'ஐ கேம் ஓவர் ஆல் ஃபன்னி' என்றால் திடீரென்று தலை கிறுகிறுத்தது, என்னவோ போல ஆகிவிட்டது என்கிறார். உட்கார வைத்து பிபி பாருங்கள். 'நாக்கர்டு' அசதி. 'பிஸ்டு' அமெரிக்கப் படங்களில் கோபம், இங்கே குடிபோதை. அவசரப் பிரிவில் இதைத் தெரியாமல் இருக்கவே கூடாது.

நான் மிகவும் அழுத்திச் சொல்வது 'டீ' பற்றி. அந்த வட்டாரத்தில் பலருக்கு 'டின்னர்' மதியச் சாப்பாடு. 'டீ' என்பது சாயங்காலம் ஐந்து, ஆறு மணிக்குச் சாப்பிடும் முழுச் சாப்பாடு. சர்க்கரை நோயாளி ஒருவர் மாத்திரையை டீயோடு போடுகிறேன் என்றால், ஒரு கப் தேநீரோடு என்று எழுதிவிடாதீர்கள். எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டுவிட்டு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மணி சொல்லும்போது 'ஹாஃப் செவன்' என்றால் ஏழரை. குடிக்கிற டீ போடுவதை 'மாஷ்' என்பார்கள், பன்னுக்கு 'காப்'. குளிர் தாங்காதவர் 'நெஷ்'. முதல் குளிர்காலத்தில் உங்களையே சொல்வார்கள்.

வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் 'மஸ்ன்ட் கிரம்பிள்' (குறை சொல்லக் கூடாது), 'நாட் டூ பேட்' (அவ்வளவு மோசமில்லை) என்று பதில் வரும், முக்கியமாகப் பெரியவர்களிடமிருந்து. தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் அவர்கள். அதை நம்பி வலி குறைவு என்று எழுத வேண்டாம். 0 முதல் 10 வரை எண்ணாகக் கேளுங்கள், புரண்டு படுக்கும்போது முகம் சுளிக்கிறதா என்றும் பாருங்கள்.

புரியாவிட்டால் அவரிடமே என்ன அர்த்தம் என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள். அப்புறம், கேஸ் குறிப்பில் நோயாளி சொன்ன வார்த்தையை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதி, நீங்கள் கேட்டு உறுதி செய்த பொருளைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.