கிரியோன் முதலில் எங்கே போனான்?

கேள்வி: ஈடிபஸ் நாடகம் எங்களுக்குப் பாடமாக இருக்கிறது. பிறப்பதற்கு முன்பே விதி குறிக்கப்பட்டுவிட்ட ஒருவன் தன் தவறான முடிவுகளால் வீழ்ந்தான் என்று தேர்வில் எழுதுவது சரிதானா? (கல்லூரி மாணவி, கும்பகோணம்)

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. நாடகத்துக்குள் ஈடிபஸ் எடுக்கும் பெரிய முடிவு, கொள்ளைநோயில் மடியும் தீப்ஸ் நகரைக் காப்பதற்காக, முந்தைய அரசன் லாயஸைக் கொன்றவனைத் தேடுவதுதான்; கொன்றவன் தானே என்பது அவனுக்குத் தெரியாது. நல்ல அரசன் வேறென்ன செய்வான்? முடிவுகளால் விழுந்தவனைப் பார்க்க வேண்டுமானால், அந்த நாடகத்தை எழுதிய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸே கி.மு. 441 வாக்கில் எழுதிய 'ஆன்டிகனி'க்கு வாருங்கள். அங்கே அரசன் கிரியோனுக்கு முன்கூட்டியே எந்த அசரீரியும் அழிவைச் சொல்லி வைக்கவில்லை.

தீப்ஸ் நகரத்தின் மீது படையெடுத்து வந்து மாண்ட, ஈடிபஸின் மகன் பாலினைசிஸின் உடலை யாரும் அடக்கம் செய்யக் கூடாது என்று கிரியோன் ஆணையிடுகிறான். உள்நாட்டுப் போர் முடிந்த மறுநாள், புதிதாக ஆட்சிக்கு வந்தவன் போடும் கட்டளை என்ற அளவில் அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. மாண்டவனின் தங்கை ஆன்டிகனி அதை மீறி உடலின் மேல் மண் தூவுகிறாள். அவளைக் கற்குகைக்குள் உயிரோடு வைத்து அடைக்கச் சொல்கிறான். அவள் தன் மகன் ஹேமோனுக்கு நிச்சயிக்கப்பட்டவள் என்பது தெரிந்தே சொல்கிறான். வெள்ளத்தில் வளைந்து கொடுக்கும் மரம் கிளைகளைக் காத்துக்கொள்ளும், எதிர்த்து நிற்பது வேரோடு போகும் என்று ஹேமோன் முதலில் பணிவாகத்தான் எடுத்துச் சொல்கிறான்; இந்த வயதில் இவனிடம் பாடம் கேட்க வேண்டுமா என்று தந்தை எரிந்து விழுகிறான். கண்ணில்லாத குறிசொல்லி டைரீசியஸ் வந்து, பலிபீடங்களில் தீ பற்ற மறுக்கிறது, பிணத்தைத் தின்ற நாய்களாலும் பறவைகளாலும் அவை தீட்டுப்பட்டுவிட்டன என்று எச்சரிக்கும்போது, காசு வாங்கிக்கொண்டு பேசுகிறாய் என்கிறான்.

டைரீசியஸ் கோபத்தோடு போன பிறகுதான் கிரியோனுக்கு நடுக்கம் பிடிக்கிறது. என்ன செய்யட்டும் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்கிறான். போய்ப் பெண்ணை விடுவி, கிடக்கும் உடலுக்குக் கல்லறை எழுப்பு என்று அந்த வரிசையிலேயே சொல்கிறார்கள். பின்னர் தூதன் வந்து விவரிக்கும்போது, கிரியோன் முதலில் உடலிடம் போயிருக்கிறான். நாய் குதறிய மிச்சத்தைக் கழுவி, புதிதாக வெட்டிய கிளைகளால் எரித்து, மண்மேடு உயர்த்திவிட்டு, அதன் பிறகே குகைக்குப் போகிறான். அங்கே ஆன்டிகனி தூக்கில் தொங்குகிறாள். அவளைக் கட்டிக்கொண்டு கதறும் மகன், தந்தையைக் கண்டதும் முகத்தில் உமிழ்ந்து வாளை வீசுகிறான். அது தவறவே, தன் மீதே பாய்ச்சிக்கொள்கிறான். செய்தி கேட்ட அரசி யூரிடிசியும் கத்தியால் உயிரை மாய்த்துக்கொள்கிறாள்.

ஏன் வரிசை மாறியது என்று நாடகம் விளக்கவில்லை. தெய்வக் குற்றத்தைக் கழிக்கும் அவசரம் என்பது என் கணிப்பு. ஆனால் செத்தவனை மண்ணுக்கு மேலும் உயிருள்ளவளை மண்ணுக்குக் கீழும் வைத்தாய் என்பதுதான் டைரீசியஸின் குற்றச்சாட்டே. அதைத் திருத்தப் போகிற வேளையிலும் கிரியோன் உயிரோடு இருப்பவளைக் காத்திருக்க வைக்கிறான்.

கேள்வி: துன்பியல் நாயகனை வீழ்த்துவதாக அரிஸ்டாட்டில் சொல்லும் 'ஹமார்ஷியா'வைக் குணக்குறை என்று வகுப்பில் சொல்கிறார்கள். ஏற்கலாமா? (ஆசிரியர், திருநெல்வேலி)

பதில்: எனக்கு அது பொருந்தவில்லை. எறிந்த ஈட்டி குறி தப்புவதற்குக் கிரேக்கர் வழங்கிய வினையிலிருந்து பிறந்த சொல் அது. 'கவிதையியல்' 13ஆம் பகுதியில், துன்பியல் நாயகன் அறத்தில் தலைசிறந்தவனாகவும் இருக்க வேண்டாம், கயமையால் விழுபவனாகவும் இருக்க வேண்டாம், ஏதோ ஒரு ஹமார்ஷியாவால் விழுபவனாக இருக்கட்டும் என்கிறார் அரிஸ்டாட்டில். கயமையை அவரே விலக்கிவிட்டதால், 'பிழை' என்பதே நெருங்கிய தமிழ். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இதே சொல் பாவத்தைக் குறிப்பதால், பின்னால் வந்தவர்கள் நாடகத்திலும் ஒழுக்கக் கேட்டைத் தேடத் தொடங்கினார்களோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. பிடிவாதம் கிரியோனின் குணம்தான். ஆனால் குகைக்குப் போகாமல் முதலில் பிணத்திடம் போனபோது அவன் பிடிவாதத்தை விட்டிருந்தான். அங்கே தவறியது குறி.