காலமான ஒரு ரேடியோ மெக்கானிக்கின் பழைய எலக்ட்ரானிக் பாகங்கள் முழுவதையும் 12,000 மலேசிய வெள்ளிக்கு வாங்கலாமா?

கேள்வியின் விவரம் நீளமாக இருந்தது. சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: பினாங்கு ஜார்ஜ்டவுனில் அறுபதுகளிலிருந்து ரேடியோ, டிவி பழுதுபார்த்த ஒருவர் காலமாகிவிட்டார். கடையை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். 300 சின்ன டிராயர்கள், ஏறக்குறைய 400 வால்வுப் பெட்டிகள் (வால்வு என்பது டிரான்சிஸ்டருக்கு முன் ரேடியோவில் இருந்த கண்ணாடிக் குழாய்), ஒரு சுவர் நிறைய டிரான்ஸ்பார்மர், கட்டுக் கட்டாகச் சர்வீஸ் மேனுவல். குடும்பம் கேட்பது 12,000 வெள்ளி. கேட்டவர் புக்கிட் மெர்தாஜாமில் வார இறுதிகளில் பழைய ரேடியோக்களைச் சரிசெய்பவர். வியாபாரி இல்லை.

என் பதில்: முழுதாக, அந்த விலைக்கு, வேண்டாம். வால்வையும் மேனுவலையும் கடையிலிருக்கும் மீட்டர்களையும் மட்டும் கேட்டுப் பாருங்கள். மற்றதற்கு ஒரு வெள்ளிகூட மதிப்புப் போடாதீர்கள்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு செமிகண்டக்டர் ஆலையில் டெஸ்ட் டெக்னிஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது வால்வு ஆம்ப் (ஆம்ப்ளிபையர்) பழுது பார்க்கிறேன். பட்டர்வொர்த்தில் இதே மாதிரி ஒரு கடை காலியானபோது போய்ப் பார்த்து, வேண்டியதை மட்டும் எடுத்தேன். என் நண்பர் ஒருவர் கிள்ளானில் ஒரு கடையை முழுதாகவே வாங்கினார். அவர் வீட்டில் ஓர் அறை இன்னமும் திறக்க முடியாமல் கிடக்கிறது. அந்த அறையைப் பற்றி அவர் மனைவி சொல்வதை இங்கே எழுத முடியாது.

இந்த மாதிரி குவியலைப் பார்த்தவுடன் எல்லோரும் போடும் கணக்கு ஒன்று உண்டு. "ஒரு டிராயரில் 200 பாகம், 300 டிராயர், ஆக 60,000 பாகம். ஒன்று 20 சென் என்றாலும் 12,000 வெள்ளி!" அந்தக் குடும்பமும் இப்படித்தான் கணக்குப் போட்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் புதுக் கால் வாட் ரெசிஸ்டரே சில சென்தான். பழையதைப் பிரித்து, வண்ணப் பட்டை பார்த்து, மீட்டர் வைத்து அளந்து எடுக்கும் நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது? ஒரு டிராயருக்கு அரை மணி நேரம் வைத்தாலும் 150 மணி நேரம். வார இறுதியில் ஐந்து மணி நேரம் உட்காருவீர்கள் என்றால் முப்பது வாரம். அதற்குள் ரேடியோ பழுதுபார்க்கும் ஆசையே போய்விடும்.

சரி, வால்வுக்கு வருவோம். காசு இருப்பது அங்கேதான், ஏமாறுவதும் அங்கேதான்.

முதலில் எண்ணைப் பாருங்கள். நம் நாட்டில் டிவி ஒளிபரப்பு 1963 டிசம்பரில் தொடங்கியது. அதற்குப் பின் பல ஆண்டுகள் வால்வு டிவிதான். அதனால் இந்த மாதிரி கடைகளில் இருக்கும் வால்வுகளில் பெரும்பகுதி பி (P) என்ற எழுத்தில் தொடங்கும்: பிஎல் 504, பிஒய் 88, பிசிஎப் 80 போன்றவை. இவை டிரான்ஸ்பார்மர் இல்லாமல் ஹீட்டர்களை (வால்வைச் சூடாக்கும் உள்கம்பிகளை) வரிசையாகக் கோத்து 300 மில்லி ஆம்பியரில் ஓட்டிய டிவிகளுக்காக வந்தவை. அந்த டிவியும் இல்லை, 2019 அக்டோபரோடு அனலாக் ஒளிபரப்பும் இல்லை. புத்தம் புதிதாக, பெட்டி மடிப்புக் கலையாமல் இருந்தாலும் வாங்க ஆள் கிடைப்பது அபூர்வம்.

ஈ (E) என்ற எழுத்தில் தொடங்குபவை 6.3 வோல்ட் ஹீட்டர். ஈசிஎச் 81, ஈஎப் 89, ஈஏபிசி 80 எல்லாம் ரேடியோ வால்வுகள். உங்களுக்கே பயன்படும், விற்றால் சுமாரான விலை. ஈஎல் 84, ஈஎல் 34, ஈசிசி 83, ரெக்டிபையரில் ஜிஇசட் 34, இவை ஆடியோக்காரர்கள் தேடுபவை. முலார்டு, டெலிபங்கன் பிராண்டு என்றால் ஜோடிக்குச் சில நூறு வெள்ளிகூடக் கொடுப்பார்கள். டெலிபங்கன் என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அவர்களுடைய சொந்த ஆலையில் செய்த ஈசிசி 83இன் அடியில், பின்களுக்கு நடுவே, கண்ணாடியிலேயே ஒரு சின்ன வைர வடிவம் அழுத்தியிருக்கும். முலார்டில் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும், பிளாக்பர்ன் ஆலை என்றால் அதில் பி (B) என்ற எழுத்து வரும். ஒரு எச்சரிக்கை: தூசியைத் துணியால் துடைக்காதீர்கள். அந்தக் கால அச்சு விரல் பட்டாலே உதிரும். பெயர் போனால் பாதி விலை போச்சு.

அடுத்தது பெட்டிகள். மெக்கானிக் புது வால்வை எடுத்து ரேடியோவில் போடுவார், கழற்றிய பழையதை அதே பெட்டியில் வைப்பார். வாடிக்கையாளர் கேட்டால் காட்டுவதற்கு, இல்லையென்றால் பழக்கதோஷம். அது அப்படியே அலமாரிக்குத் திரும்பிவிடும். அதனால் 400 பெட்டி என்றால் 400 புது வால்வு என்று அர்த்தமில்லை. ஒவ்வொன்றையும் வெளியே எடுத்துப் பாருங்கள். கண்ணாடியின் உள்புறம், பெரும்பாலும் உச்சியில், பளபளக்கும் ஒரு பூச்சு இருக்கும். கெட்டர் என்பார்கள். மிச்சமிருக்கும் காற்றை உறிஞ்சுவதற்காக வைத்த பேரியம் அது. அது வெள்ளையாக வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, வால்வு செத்துவிட்டது. ஓரத்தில் பழுப்பேறி மங்கியிருந்தால் நன்றாக உழைத்திருக்கிறது. பின்களில் கீறல் இருந்தால் சாக்கெட்டில் ஏறி இறங்கியது. கையில் ஒரு மல்டிமீட்டர் போதும், ஹீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்: ஈஎல் 84க்கும் ஈசிசி 83க்கும் 4, 5ஆம் பின்கள், ஈஎல் 34க்கு 2, 7.

இப்படிப் பார்த்தபின் கணக்கு எப்படி மாறும் என்று ஒரு உதாரணம் போடுகிறேன். 400இல் 300 டிவி வால்வு என்று வைப்போம், பூஜ்யம். மீதி நூறில் பாதிப் பெட்டியில் பழையது. மிஞ்சிய ஐம்பதில் நாற்பது ரேடியோ வால்வு, சராசரி 25 வெள்ளி என்றால் ஆயிரம். பத்து ஆடியோ வால்வு, சராசரி 150 என்றால் 1,500. மொத்தம் 2,500. நீங்கள் பார்க்கும்போது இந்த எண்கள் மாறலாம். நல்ல ஈஎல் 34 ஒரு டஜன் இருந்தால் கதையே வேறு. ஆனால் எண்ணிப் பார்க்காமல் 12,000 என்று தலையாட்டக் கூடாது.

டிராயர்களில் முக்கால்வாசி குப்பைதான். எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் சும்மா கிடந்தே கெட்டுப்போகும். உள்ளிருக்கும் திரவம் வறளும், ஆக்சைடு படலம் பலவீனமாகும், நேரடியாக முழு வோல்ட் கொடுத்தால் சூடாகி வெடிக்கும். ரெசிஸ்டர் வழியாக மெல்ல மெல்ல வோல்ட் ஏற்றி ரீபார்ம் செய்யலாம்தான், ஆனால் புதியது ஒரு வெள்ளிக்குக் கிடைக்கும்போது எதற்கு? மெழுகு பூசிய பேப்பர் கண்டென்சர்கள் பினாங்கு ஈரத்தில் நிச்சயம் கசிந்திருக்கும். கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர் ஈரம் இழுத்து மதிப்பு ஏறிப்போயிருக்கும். ஆர்கேட் கேம் மானிட்டர் பழுது பார்ப்பவர் யாரையாவது தெரிந்தால் ஒழிய, டிவி ப்ளைபேக் டிரான்ஸ்பார்மரும் பியூ 508 டிரான்சிஸ்டரும் வேண்டாம்.

தேடி எடுக்க வேண்டியவை சில உண்டு. பிலிப்ஸின் கடுகு மஞ்சள் நிறக் கண்டென்சர்கள் கிட்டார் ஆம்ப்காரர்களுக்கு உயிர். ரேடியோ ட்யூனிங்குக்கான கேங் கண்டென்சர், 455 கிலோஹெர்ட்ஸ் ஐஎப் காயில், சுவிட்ச் வைத்த வால்யூம் கண்ட்ரோல், இவை இன்று புதிதாகக் கிடைப்பது கஷ்டம், உங்கள் வேலைக்கு நேராகப் பயன்படும். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களில் ஓசி 44, ஏசி 128 போன்றவற்றை கிட்டார் பெடல் செய்பவர்கள் வாங்குவார்கள், ஆனால் ஒவ்வொன்றின் கெயினும் (பெருக்கும் திறன்) லீக்கேஜும் (கசியும் மின்சாரம்) அளந்து கொடுக்க வேண்டும். ஏஎப் 117 இருந்தால் ஆசைப்படாதீர்கள். அதன் உலோகக் கூட்டுக்குள் தகர இழை முளைத்து ஷார்ட் ஆவது ஊரறிந்த நோய், உபயோகிக்காமல் வைத்திருந்தாலும் வரும்.

தோஷிபாவின் 2எஸ்கே 170, 2எஸ்ஜே 74 மாதிரி உற்பத்தி நின்றுபோன டிரான்சிஸ்டர்கள் ஒரு டிராயர் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். இணையத்தில் விற்பவற்றில் போலி மலிந்துவிட்டது. போலிகள் பெருகுமுன் ஒரு பழைய கடைக்காரர் வாங்கி வைத்தது என்பதற்கே தனி மதிப்பு.

பினாங்கு என்பதால் ஐசி (சிப்பு) பற்றியும் சொல்ல வேண்டும். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக வட்டாரம் தொடங்கியபோது இன்டெல், ஏஎம்டி, நேஷனல் செமிகண்டக்டர் எல்லாம் வந்தார்கள். அடியில் மலேசியா என்று அச்சிட்ட பழைய சிப்புகள் இங்கே எந்தக் கடையிலும் இருக்கும். அவற்றில் தங்கம் இருக்கிறது என்று யாராவது உங்களைக் கிளப்பிவிடுவார்கள். இருக்கிறது, பூச்சாக. அதை அமிலத்தில் கரைத்து எடுப்பதெல்லாம் வீட்டில் செய்யும் வேலை இல்லை. மார்க்கிங் இல்லாத ஐசி மொத்தமாக இருந்தால் ஏதோ ஆலையில் கழித்ததாக இருக்கலாம், தொடாதீர்கள். கறுப்பு பஞ்சில் குத்தி வைத்த சீமாஸ் (CMOS) வகை ஐசிகளைத் தூக்கிப் பாருங்கள். பஞ்சு பிசுபிசுத்து, கால்கள் அரித்துப்போயிருக்கும்.

கட்டடத்தையும் பாருங்கள். 2017 நவம்பர் வெள்ளத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் ஏறியதா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். கீழ் மூன்று வரிசை டிராயர்களில் தண்ணீர்க் கோடு தெரிந்தால் அவற்றை எண்ணாதீர்கள். டிரான்ஸ்பார்மர் சுவருக்குப் பின்னால் கரையான் இருக்கலாம். எண்ணெய் அடைத்த பெரிய உலோகக் கண்டென்சர்கள் கசிந்திருந்தால் கையுறை இல்லாமல் தொட வேண்டாம், 1970களின் இறுதி வரை வந்தவற்றில் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருக்க வாய்ப்புண்டு.

யாரும் கவனிக்காத சொத்து அந்த மேனுவல் கட்டுகள். பிலிப்ஸ், நேஷனல், ஷார்ப் என்று அந்தக் காலத்தில் இங்கே விற்ற மாடல்களின் சர்க்கியூட் படங்கள் இணையத்தில் எல்லாம் கிடைப்பதில்லை. ஓரத்தில் அந்த மனிதர் பென்சிலில் எழுதிய குறிப்புகளும் இருக்கும்: இந்த மாடலில் இந்த ரெசிஸ்டர்தான் எப்போதும் போகும் என்கிற மாதிரி. பட்டர்வொர்த் கடையில் நான் எடுத்ததில் இன்றைக்கும் கைக்கு வருவது அதுதான், வால்வுகளைக்கூட விற்றுவிட்டேன். பிறகு, மேசைக்கடியில் ஏவோ மீட்டர் மாடல் 8 என்ற பழைய மல்டிமீட்டர் கிடக்கிறதா, வால்வு டெஸ்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். பாகங்களைப் பற்றிப் பேசும்போது குடும்பத்தார் கருவிகளை மறந்துவிடுவார்கள். ஒரு நல்ல வால்வு டெஸ்டர் 300 டிராயருக்குச் சமம். அதற்குத் தனியாக நியாயமான விலை சொல்லுங்கள். காலமானவரின் மனைவிக்குத் தெரியாது என்பதற்காக அள்ளிக்கொண்டு வராதீர்கள்.

பேரம் பேசும் முறையும் முக்கியம். "ஆன்ட்டி, இதெல்லாம் குப்பை" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவர் கணவரின் ஐம்பது வருட உழைப்பு அது. முதலில் மகனிடம் பேசுங்கள், அவருக்குக் கவலை விலையைவிட மாதக் கடைசிதான். காலி செய்ய லாரி, ஆட்கள், பழைய இரும்புக் கடைக்கு டிரான்ஸ்பார்மர்களை ஏற்றிப் போவது, எல்லாம் செலவு. "நான் பொறுக்கி எடுப்பதற்கு 4,000 தருகிறேன், டிரான்ஸ்பார்மரை இரும்புக்குப் போட்டு வரும் காசு உங்களுக்கே, காலி செய்ய ஆள் பிடித்துத் தருகிறேன்" என்றால் அது அவருக்கும் தீர்வு. அதற்கு ஒத்துவரவில்லையா, வால்வுகளை நீங்கள் விற்றுக்கொடுத்து ஒரு பங்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லுங்கள். அதில் உங்கள் கைக்காசு மாட்டாது. கோலாலம்பூரில் பூடு பக்கம் ஜாலான் பாசார் கடைக்காரர்களிடமும் விசாரிக்கச் சொல்லுங்கள். நான் போன கடையில் மிச்சத்தை அங்கிருந்து ஒருவர் லாரியோடு வந்து அள்ளிப் போனார்.

மொத்தமாக எடுத்தால்தான் தருவோம் என்று பிடிவாதமாக நின்றால், எடுத்தபிறகு கழிவை எங்கே போடுவது என்ற கேள்வி உங்கள் தலையில் விழும். மின்னணுக் கழிவு 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி எஸ்டபிள்யூ 110 என்ற பட்டியல் கழிவு. மூட்டை கட்டித் தெருமுனைத் தொட்டியில் போடும் சரக்கு இல்லை, ஜபாத்தான் ஆலாம் செகித்தாரின் (சுற்றுச்சூழல் துறையின்) உரிமம் உள்ளவர்களிடம் போக வேண்டியது. அந்த அலைச்சலையும் விலையில் கழித்துப் பேசுங்கள். என்னைக் கேட்டால், மொத்தமாக என்றால் 3,000க்கு மேல் போக மாட்டேன். பொறுக்கி எடுப்பதைவிடக் குறைவாகவா என்று கேட்பீர்கள். ஆமாம், குறைவாகத்தான்.

வால்வுகளை எடுத்தால் முட்டை அட்டைகளில் ஒவ்வொன்றாக வைத்து, உங்கள் காரிலேயே கொண்டு போங்கள், லாரியில் ஏற்ற வேண்டாம். பழைய பெட்டிகளைத் தட்டையாக மடித்துத் தனியாக வையுங்கள். வாங்குபவர்கள் பெட்டிக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார்கள்.