யோசியாவின் சீர்திருத்தமும் இன்றைய சபையும்: கேள்வி பதில்

யூதாவை ஆண்ட யோசியா ராஜாவைப் பற்றி (2 இராஜாக்கள் 22, 23) நம் வேதபாடக் குழுவில் எழுந்த கேள்விகளும் என் பதில்களும்.

வருடாவருடம் எழுப்புதல் கூட்டம் வைக்கிறோம். ஒரு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. யோசியா எங்கே தொடங்கினார்?

எட்டு வயதில் ராஜாவானவர், பதினாறு வயதளவில் தேவனைத் தேடத் தொடங்கினார் என்கிறது 2 நாளாகமம் 34. விக்கிரகங்களை அகற்றத் தொடங்கியபோது வயது இருபது. மோசேயின் நியாயப்பிரமாண புஸ்தகம் கிடைத்தபோது இருபத்தாறு. அதாவது பத்து வருட வேலை. மூன்று நாள் கூட்டத்திடம் அதை எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். புஸ்தகம் தொலைந்து கிடந்தது ஆலயத்துக்குள்ளேயே. ஆசாரியர்கள் இருந்தார்கள், காணிக்கை வந்துகொண்டிருந்தது, வசனம் மட்டும் இல்லை. சம்பிரதி (அரசவை எழுத்தர்) சாப்பான் அதை வாசித்ததும் ராஜா தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டார். "எனக்காகவும்" கர்த்தரிடம் விசாரியுங்கள் என்றுதான் ஆள் அனுப்பினார். நம் கூட்டங்களில் பெரும்பாலும் பக்கத்து பெஞ்சுக்காரருக்காகவே பிரசங்கம் கேட்கிறோம். இது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

பெண்கள் வசனம் போதிப்பதை எங்கள் சபையில் ஏற்பதில்லை. இதில் ஏதாவது வழிகாட்டுதல் உண்டா?

உண்டு. புஸ்தகம் கிடைத்தபோது, தீர்க்கதரிசி எரேமியா ஊழியத்துக்கு அழைக்கப்பட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. இருந்தும் பிரதான ஆசாரியர் இல்க்கியா உட்பட ஐந்து பேர் போனது உல்தாள் என்ற தீர்க்கதரிசியிடம். அந்த அம்மாள் சொன்னதை ராஜா கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார்.

ஆலய வேலைக்குக் கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்கவில்லை என்று 22:7 சொல்கிறதே? எங்கள் கமிட்டியில் இதைத்தான் காட்டுகிறார்கள்.

அந்த வசனத்தை மட்டும் பிரித்தெடுக்கக் கூடாது, தம்பி. 12-ம் அதிகாரத்துக்குப் போங்கள். யோசியாவுக்கு முன்னே ஆண்ட யோவாஸ் ராஜா காலத்தில் ஆசாரியர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு, அவர் அரசாட்சியின் 23-ம் வருடம்வரை ஆலயத்தைப் பழுதுபார்க்கவில்லை. அதனால்தான் மூடியில் துவாரமிட்ட பெட்டி வந்தது. ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியரும் சேர்ந்து எண்ணினார்கள். அப்படி எண்ணிக் கொடுத்த பிறகுதான், வேலைக்காரருக்குக் கூலி கொடுத்த மேற்பார்வையாளர்களிடம் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்ததால். எண்ணாமல் பணத்தைக் கையாளும் தலைவர்களுக்கு இந்த வசனத்தில் எந்தச் சலுகையும் கிடையாது.

விக்கிரகங்களை யோசியா உடைத்துப்போட்டதுபோல நாமும் செய்யலாமா?

கூடாது. அவர் ஒரு தேசத்தின் ராஜா. 23:20-ல் அவர் மனிதர்களையும் கொன்றார். சபைக்கு வாள் கொடுக்கப்படவில்லை. பிறர் வணங்கும் எதன்மேலும் நாம் கை வைக்கக் கூடாது. அவருடைய கொள்ளுத்தாத்தா எசேக்கியா உடைத்தது மோசே செய்த, தன் சொந்த ஜனமே வணங்கிவந்த வெண்கலச் சர்ப்பத்தை. நம் வீட்டுக்குள் தேடினால் போதும்.

யோசியா மெகிதோவில் இறந்ததும் எல்லாம் சரிந்துவிட்டதே? அப்படியானால் அது தோல்வியா?

பாதி தோல்விதான். யூதா முழு இருதயத்தோடு திரும்பவில்லை என்று எரேமியா 3:10 அந்த நாட்களிலேயே சொல்கிறது. கட்டளைக்குக் கீழ்ப்படிந்தார்கள், மனம் மாறவில்லை.

நம் கதையும் இதுதான். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்திய சபைகளில் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். இன்றும் சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறையில் சாதிக்கொரு பக்கம். யோசியாவைப் பற்றி எரேமியா 22:16 என்ன சொல்கிறது? எளியவனுடைய நியாயத்தை அவர் விசாரித்தார், அதுவே தேவனை அறிகிற அறிவு. பாடலும் இசைக்கருவியும் புதிதாகி, அந்தச் சுவர் அப்படியே நின்றால் அதை நான் எழுப்புதல் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் மீதிப் பாதி சாப்பானின் வீட்டில் பிழைத்தது. எரேமியாவைக் கொல்லத் தேடியபோது காப்பாற்றியது சாப்பானின் மகன் அகீக்காம். எரேமியாவின் எழுத்தர் பாருக்கு அவருடைய தீர்க்கதரிசனச் சுருளை வாசித்தது இன்னொரு மகன் கெமரியாவின் அறையில்.

எங்கள் வாலிபர் கூட்டத்தில் எதை வாசிக்கலாம், ஐயா?

2 இராஜாக்கள் 22-ஐயும் எரேமியா 36-ஐயும் ஒரே மாலையில் வாசியுங்கள். வசனம் கேட்டுத் தகப்பன் வஸ்திரத்தைக் கிழித்தார். அவர் இறந்து ஐந்தாறு வருடத்துக்குள் மகன் யோயாக்கீம் சுருளையே அறுத்து நெருப்பில் போட்டார். கெமரியா வேண்டாம் என்று கெஞ்சினார், ராஜா கேட்கவில்லை. அப்புறம் பிள்ளைகளையே பேச விடுங்கள். ஒரே வீட்டில் இது எப்படி நடந்தது என்று அவர்களே கேட்பார்கள்.