வக்கீலம்மா பதில்கள்: கோட்டையில் நிறைவேறியது கடற்கரைக்கு வந்ததா?

சட்டமன்றக் கூட்டத்தொடர் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் போட இடமில்லாததால், கடலோரத்திலிருந்து வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன்.

கடன் வசூல் பண்ண வந்து மிரட்டினால் ஜெயில் என்று சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியதாகப் பேப்பரில் படித்தோம். எங்கள் தெருவில் ராத்திரி எட்டு மணிக்கும் வந்து வாசலில் உட்காருகிறார்கள். மீன்பிடித் தடைக்காலம் என்று சொன்னாலும் கேட்பதில்லை. அந்தச் சட்டம் வந்துவிட்டதா, இல்லையா?
– மகளிர் குழு வாசகி, தங்கச்சிமடம்

வந்துவிட்டது தங்கச்சி. 2025 ஏப்ரல் 26-ந் தேதி பேரவையில் அறிமுகமாகி, 29-ந் தேதி நிறைவேறி, ஜூன் மாதம் ஆளுநர் ஒப்புதலும் பெற்ற சட்டம் அது. கடன் கொடுக்கும் நிறுவனங்கள் வலுக்கட்டாயமாக வசூலிப்பதைத் தடுக்க வந்தது. கடன் வாங்கியவரை மட்டும் இல்லை, அவர் வீட்டு ஆட்களையும் மிரட்டக் கூடாது, பின்னாலேயே திரியக் கூடாது, அவமானப்படுத்தக் கூடாது, ஆவணங்களைப் பிடுங்கக் கூடாது. மீறினால் சிறையும் அபராதமும் உண்டு.

ஆனால் நீங்கள் சொல்வது மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அதற்குச் சட்டமன்றத்துக்கே வராத இன்னொரு விதியும் கைகொடுக்கும். ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் போட்ட விதி அது. காலை ஒன்பது மணிக்கு முன்னாலும் மாலை ஆறு மணிக்குப் பின்னாலும் கடன் வாங்கியவருக்குப் போன் போட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. தவணை கட்டுவதற்கென்று இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில்தான் வசூல் நடக்க வேண்டும். அந்த இடத்துக்கு நீங்கள் தொடர்ந்து இரண்டு தடவையாவது வராமல் இருந்தால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. நம் ஊரில் ஒரே வீட்டில் மூன்று, நான்கு கடன் அட்டைகளைப் பார்க்கிறேன். கொடுக்கும்போதே அந்தக் கணக்கை யாரும் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்?

உங்கள் ஊர்த் திண்ணை ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். குழுவில் ஒருத்தியிடம் அந்த வாரப் பணம் இல்லை. வசூலுக்கு வந்தவர் மற்றவர்கள் யாரையும் எழுந்திரிக்க விடவில்லை. உலை வைத்துவிட்டு வந்தவள், கைப்பிள்ளையோடு வந்தவள் எல்லாரும் பாயில் உட்கார்ந்தே இருந்தார்கள். பிள்ளை அழ ஆரம்பித்ததும் ஒரு வயதான அம்மா காதில் கிடந்த தோட்டைக் கழற்றி, புடவை முந்தியால் துடைத்து, மகள் கையில் கொடுத்து அடகுக் கடைக்கு அனுப்பினார். அந்தக் கடன் அவருடையது இல்லை. இதைத்தான் வலுக்கட்டாயம் என்கிறேன். அடித்தால்தான் குற்றம் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

வருகிறவர் பெயர், போன் நம்பர், வந்த தேதி, நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாட்ஸப்பில் மிரட்டினால் அழித்துவிடாதீர்கள். காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தால், மனுவை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்காமல் திரும்பக் கூடாது. நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448. கடன் கொடுத்தவர் நிறுவனம் இல்லை, தண்டலோ மீட்டர் வட்டியோ வாங்கும் தனி ஆள் என்றால் 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது.

ஒரு வருத்தம் எனக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. கூலிக்குப் போகிறவர் வீட்டில் வருமானம் நிற்கும், தவணை நிற்காது. தடைக்காலத்தில் தவணையைத் தள்ளிவைக்க வேண்டும் என்று இந்தச் சட்டத்தில் ஒரு வரி இருந்திருக்கலாம். இத்தனைக்கும் மசோதா வந்ததே தடைக்காலத்தின் பன்னிரண்டாவது நாள். அறிமுகத்துக்கும் நிறைவேற்றத்துக்கும் நடுவே மூன்று நாள் இடைவெளிதான். அதற்குள் பாம்பன் பாலத்தைத் தாண்டி ஒரு மனு சென்னை போய்ச் சேருமா?

கச்சத்தீவை மீட்கச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்களே, ஏன் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை?
– விசைப்படகு உரிமையாளர், ராமேஸ்வரம்

2025 ஏப்ரல் 2-ந் தேதி நிறைவேறியது தீர்மானம் அண்ணே, மசோதா இல்லை. மசோதா சட்டமானால் அது நம்மையும் அரசையும் கட்டும். இந்தத் தீர்மானம் ஒன்றிய அரசைப் பார்த்துப் பேரவை வைக்கும் கோரிக்கை. அதற்கு ஆளுநர் ஒப்புதலும் தேவையில்லை, யாரும் அதை வைத்து வழக்குப் போடவும் முடியாது. 1974 ஆகஸ்டிலேயே, ஒப்பந்தம் போட்ட சூட்டோடு, இதே பேரவை எதிர்ப்புத் தீர்மானம் போட்டிருக்கிறது.

சரி, மசோதாவாகவே கொண்டுவரலாமே என்றால், முடியாது. வெளிநாட்டோடு போட்ட ஒப்பந்தம் முழுக்க ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. அரசியல் சட்டத்தில் மீன்வளம் மாநிலப் பட்டியலில்தான் இருக்கிறது. ஆனால் 12 கடல் மைல் வரையுள்ள நம் ஆட்சிக் கடலுக்கு அப்பால் நடக்கும் மீன்பிடிப்பு ஒன்றியப் பட்டியலுக்குப் போய்விடுகிறது. படகு பிடிபட்டவருக்கு நிவாரணம், ஆழ்கடல் படகுக்கு மானியம், சிறையில் இருக்கிறவர் வீட்டுக்குத் தினப்படி என்பதையெல்லாம் எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள். தீவையும் எல்லைக்கோட்டையும் பற்றி எம்.பி.யிடம் கேளுங்கள். தீர்மானம் வீண் என்று நான் சொல்லவில்லை. ஒரு மாநிலமே ஒரு குரலில் பேசியதற்கு அது பதிவு. ஆனால் அதை நம்பி வலையை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

தடைக்கால நிவாரணத்தை 5,000-லிருந்து 8,000 ஆக்க எந்த மசோதா வந்தது? பேப்பரில் தேடினேன், கிடைக்கவில்லை.
– வாசகர், மண்டபம்

மசோதா எதுவும் வரவில்லை. 2023 ஆகஸ்டில் உங்கள் மண்டபத்திலேயே நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். பிறகு அரசாணை, அப்புறம் பணம். சட்டமன்றத்துக்குள் விதி 110-ன் கீழ் முதலமைச்சர் விவாதம் இல்லாமல் வாசிப்பதும், மானியக் கோரிக்கையில் அமைச்சர் சொல்வதும் இதே மாதிரி அறிவிப்புகள்தான். அறிவிப்பைக் கேட்டால் அரசாணை எண்ணைத் தேடுங்கள். எண் இல்லையென்றால் இன்னும் வேலை நடக்கவில்லை.

மீன்வளப் பல்கலைக்கழகம் பற்றி 2020-ல் நிறைவேறிய மசோதா 2025-ல்தான் சட்டமானது என்று படித்தேன். ஐந்து வருடம் எங்கே இருந்தது?
– கல்லூரி மாணவர், பாம்பன்

நாகப்பட்டினத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தைப் பற்றிக் கேட்கிறாய் தம்பி. அதன் பெயரோடு ஜெயலலிதா பெயரைச் சேர்க்கும் திருத்தம் 2020 ஜனவரியில் பேரவையில் நிறைவேறியது. ஆளுநர் மாளிகைக்குப் போனது, அங்கேயே கிடந்தது. 2023 நவம்பரில் பத்து மசோதாக்கள் ஒப்புதல் இல்லாமல் திரும்பி வந்தன. அதில் இதுவும் ஒன்று. நவம்பர் 18-ந் தேதி சிறப்புக் கூட்டம் போட்டு பத்தையும் மறுபடி நிறைவேற்றி அனுப்பினார்கள். அரசியல் சட்டத்தின் 200-வது பிரிவுப்படி, திருப்பி அனுப்பியதைப் பேரவை மறுபடி நிறைவேற்றினால் ஆளுநர் ஒப்புதலை நிறுத்தி வைக்கக் கூடாது. அவரோ பத்தையும் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2025 ஏப்ரல் 8-ந் தேதி, ஆளுநர் செய்தது சட்டப்படி செல்லாது, பத்தும் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்று தீர்ப்பு வந்தது. அந்த வாரமே அரசிதழில் போட்டுவிட்டார்கள்.

கதை அதோடு நிற்கவில்லை. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்டார். 2025 நவம்பர் 20-ந் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆளுநருக்கு நீதிமன்றம் கெடு வைக்க முடியாது, ‘ஒப்புதல் கொடுத்ததாகக் கொள்வது’ என்பதும் அரசியல் சட்டத்தில் இல்லை என்று கருத்துச் சொன்னது. ஆனால் காரணமே சொல்லாமல் நீண்ட நாள் மசோதாவை வைத்துக்கொண்டிருந்தால் நீதிமன்றத்தை நாடலாம், ஒரு முடிவு எடுங்கள் என்ற அளவுக்கு உத்தரவு வாங்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. வக்கீலாக எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. 234 பேரை நாம் வாக்குப் போட்டு அனுப்புகிறோம். அவர்கள் நிறைவேற்றியது ஒரு மேசையில் எத்தனை வருடம் கிடக்கலாம் என்பதற்கு அளவு இருக்கத்தான் வேண்டும். தேர்வில் கேட்டால் தீர்ப்பை எழுது, என் கருத்தை எழுதாதே.

நிலம் ஒருங்கிணைப்புச் சட்டம் என்று ஒன்று வந்து கண்மாயையெல்லாம் எடுத்துக்கொள்வார்கள் என்கிறார்கள். எங்களுக்குத் தெரியாமல் எப்படிச் சட்டம் வரும்?
– விவசாயி, திருப்பாலைக்குடி

2023 ஏப்ரல் 21-ந் தேதி, கூட்டத்தொடரின் கடைசி நாளில், பல மசோதாக்களோடு சேர்ந்து விவாதமே இல்லாமல் நிறைவேறியது ஐயா அது. 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டத்துக்குள் நீர்நிலையும் வாய்க்காலும் வந்தால், அதைச் ‘சிறப்புத் திட்டம்’ என்று அறிவித்து அரசு நிலத்தை ஒருங்கிணைத்துக் கொடுக்கலாம் என்பது சாரம். உங்கள் கண்மாயை நாளைக்கே எடுத்துவிடுவார்கள் என்ற பேச்சு மிகை. நிபுணர் குழு, மக்களிடம் கருத்துக் கேட்பு எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் உங்கள் பயம் நியாயமானது. நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆற்றுத் தண்ணீர் எப்போதாவதுதான் வரும். மழைத் தண்ணீரைக் கண்மாய்க்குக் கண்மாய் வாங்கித்தான் ஒரு போகம் எடுக்கிறோம். ஒரு வரத்துக்கால் போனால் கீழே உள்ள நாலு கண்மாய் காயும். கடலோரத்தில் நன்னீர் இறங்கவில்லை என்றால் கிணறு உப்பாகும். இதைச் சபையில் யாராவது பத்து நிமிடம் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்கு ஆதங்கம்.

அதே நாளில் இன்னொரு மசோதாவும் நிறைவேறியது, தொழிற்சாலையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம். தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒன்றாக எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சரே அறிவித்தார். நில மசோதாவுக்கும் எதிர்ப்பு இருந்தது, அந்த அளவுக்கு எழவில்லை. அது ஆளுநர் ஒப்புதல் பெற்றுச் சட்டமாகிவிட்டது.

அடுத்த முறை முன்கூட்டியே தெரிய வேண்டும் என்றால், மசோதாக்கள் பேரவை இணையதளத்திலும், அரசிதழின் நான்காம் பாகம் முதல் பிரிவிலும் வரும். படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் கூட்டத்தொடரின் கடைசி வாரம் தினமும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். கடைசி இரண்டு நாளில்தான் கூட்டம் கூட்டமாக வரும்.

பெரிய படகுகள் கரை வரைக்கும் வந்து எங்கள் வலையை அறுத்துவிட்டுப் போகின்றன. புதிதாக ஒரு சட்டம் கொண்டுவர எம்.எல்.ஏ.வுக்கு எழுதலாமா?
– நாட்டுப்படகு மீனவர், மூக்கையூர்

எழுதுங்கள் தம்பி, ஆனால் புதுச் சட்டம் கேட்காதீர்கள். 1983-லேயே தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்துவிட்டது. கரையை ஒட்டிய மூன்று கடல் மைலை நாட்டுப்படகுக்கென்று ஒதுக்கியே அதைக் கொண்டுவந்தார்கள். இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலைக்கும் தடை இருக்கிறது. சட்டம் எலும்புதான். எந்த வலை, எந்த எஞ்சின், எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் அதன் கீழ் வரும் விதிகள்தான் சொல்லும். விதிக்குச் சபையில் வாக்கெடுப்பு கிடையாது. துறை எழுதும், அரசிதழில் வரும், பிறகு பேரவை மேசையில் ஒரு பிரதி வைப்பார்கள். நம் பிழைப்பைத் தொடுகிற வரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஆகவே மசோதாவைப் படிக்கும்போது ‘விதிகளால் வகுத்துரைக்கப்பட்டவாறு’ என்ற சொல் எங்கே வந்தாலும் அடிக்கோடு போடுங்கள்.

எம்.எல்.ஏ.வுக்கு எழுதும் மனுவில் கடந்த ஆண்டு உங்கள் கரையில் எத்தனை படகு மீது வழக்கு, எவ்வளவு அபராதம், ரோந்துப் படகு எத்தனை நாள் ஓடியது என்ற மூன்று கேள்விகளைச் சபையில் கேட்கச் சொல்லுங்கள். அமைச்சர் பதில் சொன்னால் அது அவைக் குறிப்பில் ஏறும். அதே கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் மீன்வளத்துறைக்கும் பத்து ரூபாய் கட்டி அனுப்புங்கள். அறுந்த வலையை விலைக்குப் போட்டுவிடாமல், படகின் பதிவு எண்ணும் தேதியும் எழுதிப் போட்டோ எடுத்து வையுங்கள். சாயல்குடிப் பக்கம் முதுகுளத்தூர் தொகுதியில் வருகிறது, ராமேஸ்வரம் தீவு ராமநாதபுரம் தொகுதியில், தொண்டி திருவாடானையில். மூன்று பக்கத்து நாட்டுப்படகுச் சங்கங்களும் ஒரே மனுவைத் தனித்தனியாகக் கொடுத்தால் ஒரே கேள்வியை மூன்று உறுப்பினர்கள் எழுப்ப முடியும். பேரவையின் மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வரும்போது கலெக்டர் அலுவலகத்தில் முன்கூட்டியே அறிவிப்பு ஒட்டுவார்கள். அதற்கும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மனுவை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.