எறும்பைப் பெரிதாக்க வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பன்னிரண்டு நிமிடக் குறும்படத்துக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கைவிடப்பட்ட கல்குவாரியில் கொட்டிய ரசாயனக் கழிவால் எறும்புகள் மாட்டளவு வளர்ந்து ஊருக்குள் வருகின்றன. முன்மாதிரிக்காக 1954இல் வந்த ‘தெம்!’ படத்தைப் பார்த்தேன். முதல் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எறும்பு திரைக்கு வந்ததும் பயம் போய்விட்டது. அது கிராபிக்ஸ் இல்லாத காலம் என்பதாலா? இன்று கிராபிக்ஸில் செய்தால் சரியாகுமா? எங்களிடம் இருப்பது ஒரு ஃபுல்ஃபிரேம் கேமராவும் 50 மி.மீ. லென்ஸும்தான்.

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

கிராபிக்ஸ் இதைத் தீர்க்காது. அந்த முதல் அரை மணி நேரத்தில் இயக்குநர் கார்டன் டக்ளஸ் உங்களுக்குத் தடயங்களை மட்டுமே கொடுக்கிறார். நியூ மெக்சிகோ பாலைவனத்தில் பொம்மையோடு பேச்சற்று நடக்கும் சிறுமி. வெளிப்பக்கமாகப் பிய்த்தெடுக்கப்பட்ட சுவர். பணம் அப்படியே கிடக்க, சர்க்கரை மட்டும் சிதறியிருக்கிறது. காற்றோடு ஒரு கீச்சொலி. அந்தச் சிறுமியின் மூக்கருகே, எறும்புகள் சுரக்கும் ஃபார்மிக் அமிலத்தைக் காட்டியதும் அவள் அலறுகிறாளே, படத்தின் உச்சம் அதுதான். எறும்பு இன்னும் வரவே இல்லை.

வந்தபின் ஏன் சரிகிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 மி.மீ. எறும்பை இரண்டரை மீட்டராக்கினால் நீளம் 500 மடங்கு. காலின் வலு அதன் குறுக்குப்பரப்பைப் பொறுத்தது, அது 2.5 லட்சம் மடங்கு கூடும். எடையோ 12.5 கோடி மடங்கு. வலுவைவிடச் சுமை 500 மடங்கு ஏறிவிட்டது. தன் எடையைப்போல் ஐம்பது மடங்கு தூக்கும் எறும்பு, அந்த அளவில் தன் உடம்பில் பத்தில் ஒரு பங்கைத்தான் தாங்கும். மூச்சும் முட்டும். பூச்சிக்கு நுரையீரல் கிடையாது. உடலின் பக்கவாட்டுத் துளைகள் வழியே நுண்குழாய்களில் காற்று ஊடுருவ வேண்டும். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன், காற்றில் ஆக்சிஜன் இன்றைய 21 சதவீதத்தைவிட மிகக் கூடுதலாக இருந்த காலத்தில்கூட, தும்பி போன்ற மெகனூராவின் இறக்கை விரிப்பு முக்கால் மீட்டரைத் தொடவில்லை. 1997இல் வந்த ‘மிமிக்’ இந்தச் சிக்கலை அறிந்தே தன் பூச்சிகளுக்கு நுரையீரல் கொடுத்தது. அந்த அக்கறை எனக்குப் பிடிக்கும்.

பார்வையாளர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. ஆனால் எடையுள்ள உடம்பு எப்படி நடக்கும் என்பது எல்லோருடைய கண்ணுக்கும் தெரியும். எறும்பு மூன்று காலை ஊன்றி மூன்று காலைத் தூக்கி விறுவிறுவென்று ஓடும். அந்த வேகத்தை மாட்டளவு உருவத்துக்குக் கொடுத்தால் காகிதம் பறப்பதுபோல எடையற்றுத் தெரியும். வேகத்தைக் குறைத்தால் யானை நடை வந்துவிடும், எறும்பு காணாமல் போகும். எவ்வளவு செலவழித்தாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொரு பிழையையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதைத் திரும்பச் செய்யக் கூடாது என்பதற்காக. ‘தெம்!’ படத்தின் விஞ்ஞானி எறும்பைக் கேம்போனோட்டஸ் என்கிறார். நம் கட்டெறும்பின் பேரினம்தான். பிறகு, அது கொடுக்கால் குத்தி ஃபார்மிக் அமிலத்தைச் செலுத்துகிறது என்கிறார்கள். கேம்போனோட்டஸுக்குக் கொடுக்கே கிடையாது. தாடையால் கடிக்கும், வயிற்று நுனியிலிருந்து அமிலத்தைப் பீய்ச்சும். கடித்த இடத்தில் அமிலம் படுவதால்தான் அந்த எரிச்சல்.

நீங்கள் பார்க்க வேண்டியது 1974இல் வந்த ‘ஃபேஸ் ஃபோர்’. பட டைட்டில்களுக்குப் பேர்போன சால் பாஸ் இயக்கிய ஒரே முழுநீளப் படம். எறும்புகள் எறும்பளவே இருக்கின்றன. அவற்றைப் படம்பிடித்தவர் கென் மிடில்ஹாம். விஞ்ஞானிகள் மஞ்சள் நஞ்சைத் தெளித்தபின் வரும் காட்சியைக் கவனியுங்கள். ஓர் எறும்பு நஞ்சின் சிறு துணுக்கைத் தூக்கிச் சுரங்கத்துக்குள் நடக்கிறது. பாதியில் செத்து விழுகிறது. அடுத்தது எடுத்துக்கொள்கிறது. அதுவும் விழுகிறது. அடுத்தது. கடைசியில் துணுக்கு ராணியிடம் சேர்கிறது, ராணி அதைத் தின்கிறது, அந்த நஞ்சு தாக்காத அடுத்த தலைமுறை பிறக்கிறது. ஒரு வசனமும் இல்லை. தன் சாவை ஒரு பொருட்டாகவே கொள்ளாத எதிரியை என்ன செய்வது என்ற பயம் அங்கே பிறக்கிறது. பூச்சியின் கொடூரம் எண்ணிக்கையிலும் ஒத்துழைப்பிலும் இருக்கிறது, உருவத்தில் இல்லை.

உங்கள் மாவட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 2022இல் நத்தம் பக்கம் கரந்தமலை அடிவாரக் கிராமங்களை மஞ்சள் பைத்திய எறும்புகள் சூழ்ந்தன. கடிப்பதில்லை, கொட்டுவதில்லை, பீய்ச்சும் அமிலம் ஆடுமாடுகளின் கண்ணில் பட்டுப் பார்வை போனதாக மக்கள் சொன்னார்கள். ஓர் எறும்பின் நீளம் ஏறக்குறைய அரை செ.மீ.தான். இந்தியப் பெருங்கடலிலுள்ள கிறிஸ்துமஸ் தீவில் இதே இனம் கோடிக்கும் மேலான செந்நண்டுகளைக் கொன்றிருக்கிறது. பல ராணிகள் சேர்ந்து வாழும், பக்கத்துப் புற்றோடு சண்டை கிடையாது, அதனால் புற்றுகள் எல்லையே இல்லாமல் ஒன்றாகிவிடும். செடிச்சாற்றை உறிஞ்சும் செதில்பூச்சிகள் சுரக்கும் இனிப்புநீர்தான் இந்தப் பெருக்கத்துக்குத் தீனி. உங்கள் கல்குவாரியில் ரசாயனம் எதற்கு? இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் படப்பிடிப்பு. 50 மி.மீ. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே 12, 36 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப்கள் (கண்ணாடி இல்லாத வெற்றுக் குழாய்கள்) இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய 1:1 கிடைக்கும், அதாவது எறும்பு தன் அசல் அளவிலேயே சென்சாரில் விழும். சட்டகத்தின் அகலம் 36 மி.மீ., பெரிய கட்டெறும்பு அதில் மூன்றில் ஒரு பங்கை நிறைக்கும். லென்ஸின் துவாரத்தை எஃப்8இல் வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஒரு மி.மீ. அளவுதான். ஆட்டோஃபோகஸை மறந்துவிடுங்கள், ஃபோகஸைப் பூட்டிவிட்டு, கேமராவை ஸ்லைடரில் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எறும்பு நொடியில் சட்டகத்தைத் தாண்டும் என்பதால் நொடிக்கு 120 ஃபிரேமில் எடுத்து 24இல் ஓட்டுங்கள், ஐந்து மடங்கு நிதானம் வரும். டியூப் ஒளியை நாலில் ஒன்றாக்கும், வேகமான ஷட்டர் ஐந்தில் ஒன்றாக்கும். ஆக, வழக்கத்தைவிட இருபது மடங்கு ஒளி தேவை. ஹாலஜன் வைத்தால் சூட்டில் எறும்பு காய்ந்துவிடும். எல்.இ.டி. போதும், ஆனால் பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும். மின்இணைப்பில் ஓடும் மலிவு விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும், 120 ஃபிரேமில் அது கருப்புப் பட்டைகளாக விழும். லென்ஸின் நிழலே எறும்பின் மேல் விழும் என்பதால் விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள்.

எறும்பை நடிக்க வைக்க முடியாது, வழிநடத்த முடியும். சாரை விட்டுப் போகும் எறும்புகளின் புற்றுக்கும் சர்க்கரைப்பாகுக்கும் நடுவே ஒரு காகிதப் பட்டையைப் பாலமாகப் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். எறும்புகள் விட்டுச்செல்லும் மணத்தடம் காகிதத்தில் ஏறிவிடும். பிறகு பட்டையை எந்தப் பக்கம் திருப்பினாலும் பின்னால் வருகிறவை அந்தக் கோட்டிலேயே நடக்கும். தட்டின் விளிம்பில் டால்கம் பவுடரை ஆல்கஹாலில் குழைத்துப் பூசிக் காயவிட்டால் ஏற முடியாமல் வழுக்கும். ஈரக்காற்று நாளில் அது பிடிக்காது, மறுபடி பூச வேண்டும். வேகத்தைக் குறைக்க ஃபிரிட்ஜில் வைக்கும் பழக்கம் உண்டு. வேண்டாம். வெளியே எடுத்ததும் உடம்பில் நீர் படிந்து மினுங்கும், எறும்பும் சோர்ந்துபோகும்.

கரந்தமலையிலிருந்து மட்டும் எறும்பு பிடித்து வராதீர்கள். ஒரு ராணியும் சில வேலைக்காரிகளும் டப்பாவில் வந்துவிட்டால் இன்னோர் ஊரில் புதுப் புற்று தொடங்க அது போதும். உங்கள் தெருவின் கட்டெறும்பையும் பிள்ளையார் எறும்பையும் வைத்து எடுங்கள், முடிந்ததும் பிடித்த மரத்தடியிலேயே விட்டுவிடுங்கள்.